கிளைஸ்லியா, ஐலன்பெர்க்–மூரா?

ஒரு கணத்தின் மேல் கட்டற்ற எபீலியன் குலம் ஒன்றைக் கட்டுகிறோம்: கணத்தின் உறுப்புகளை முழு எண் கெழுக்களோடு கூட்டி வரும் எல்லாக் கூட்டல்களும் சேர்ந்தது, வரிசை மாற்றிக் கூட்டினாலும் விடை மாறாதது. அப்புறம் கூட்டலை மறந்துவிட்டு அதை வெறும் கணமாகப் பார்க்கிறோம். பொருள்களும் அவற்றுக்கு இடையிலான அம்புகளும் சேர்ந்தது ஒரு கேட்டகரி; ஒரு கேட்டகரியை இன்னொன்றுக்குக் கொண்டுபோவது ஃபங்டர். இங்கே போவது ஒரு ஃபங்டர், திரும்புவது இன்னொன்று; இரண்டும் அட்ஜாயின்ட் ஜோடி, அதாவது கட்டற்ற குலத்திலிருந்து ஒரு குலத்துக்குப் போகும் அம்புகளும், கணத்திலிருந்து அந்தக் குலத்தின் கணத்துக்குப் போகும் அம்புகளும் ஒன்றுக்கொன்று பொருந்தும். போய்த் திரும்புவதைச் சேர்த்தால், அதோடு வரும் சேர்ப்பு விதிகளையும் கூட்டி, கணங்களின் மேல் ஒரு மோனாட். எந்த ஜோடியும் இப்படி ஒரு மோனாடைத் தரும் என்று 1961-இல் ஹூபர் காட்டினார். மோனாடிலிருந்து ஜோடியை மீட்க முடியுமா? 1965-இல் இரண்டு விடைகள் தனித்தனியாக வந்தன: ஒன்று கிளைஸ்லியுடையது, மற்றது ஐலன்பெர்க், மூர் இருவருடையது.

கிளைஸ்லி சிக்கனக்காரர். அவர் கேட்டகரியில் பொருள்கள் அதே கணங்கள்தான். அம்புகள் மட்டும் வேறு. ஒரு கணத்தின் ஒவ்வோர் உறுப்பும் இன்னொரு கணத்து உறுப்புகளின் முழுக் கெழுக் கூட்டலுக்குப் போகும். முடிவுள்ள கணங்களில் இது முழுக்களால் ஆன அணிதான். கிடைப்பவை கட்டற்ற குலங்கள் மட்டுமே. ஐலன்பெர்க்கும் மூரும் தாராளம்: கூட்டலை எப்படி மதிப்பிடுவது என்று சொல்லத் தெரிந்த கணங்கள் எல்லாவற்றுக்கும் இடம் தந்தார்கள். எல்லா எபீலியன் குலங்களும் வந்துவிடுகின்றன.

அதே மோனாடைத் தரும் மற்ற ஜோடிகள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கும். கிளைஸ்லியிலிருந்து நடுவுக்கும், நடுவிலிருந்து ஐலன்பெர்க்–மூருக்கும் ஜோடிகளோடு ஒத்துப்போகும் ஃபங்டர் ஒன்றே ஒன்றுதான் உண்டு; அதுதான் ஒப்பீட்டு ஃபங்டர்.

கணக்குப் போடுவதற்குக் கிளைஸ்லிதான் வசதி. மோஜ்ஜி 1989-இல் மோனாடைக் கணிப்பியலுக்குக் கொண்டுவந்ததிலிருந்து ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியில் எழுதுபவர்கள் சார்புகளைச் சங்கிலியாகக் கோப்பது இந்த முறையில்தான். திசையன் வெளிகளில் போட்டியே இல்லை: எல்லா வெளிக்கும் அடிப்படை உண்டு, அதாவது எல்லாமே கட்டற்றவை, அதனால் இரண்டு விடையும் சமானம்.

ஆனால் ஜோடியைப் பிரித்துப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் என் ஓட்டு ஐலன்பெர்க்–மூருக்கே. காரணம் இந்த ஓர் உதாரணம். டார்ஷன் இல்லாத எபீலியன் குலங்களை எடுங்கள். அதாவது, பூச்சியமல்லாத உறுப்பை எத்தனை முறை கூட்டினாலும் பூச்சியம் வராதவை. கட்டற்ற குலங்கள் எல்லாம் இந்த ரகம். அதனால் கணங்களின் மேல் வரும் மோனாட் பழையதேதான்! விகிதமுறு எண்கள் இங்கே உண்டு, கிளைஸ்லியில் இல்லை. இரண்டு உறுப்புக் குலம் இங்கே இல்லை, ஐலன்பெர்க்–மூரில் உண்டு. ஆக, இது சரியாக நடுவில் மாட்டிக்கொள்கிறது.

ஒரு ஜோடி ஐலன்பெர்க்–மூருக்குச் சமானமாவது எப்போது என்று சொல்வது பெக்கின் தேற்றம்; சில ஈவுகள் கணங்களில் எடுத்தாலும் அப்படியே இருக்க வேண்டும் என்று அது கேட்கும். அந்த நிபந்தனை இங்கே எங்கே உடைகிறது? முழுக்களை ஒற்றை, இரட்டை என்று ஈவு எடுத்தால் (ஒரே வகையில் வருபவற்றை ஒன்றாக எண்ணினால்) கணமாக இரண்டு உறுப்பு வரும். டார்ஷன் இல்லாத உலகில் அதே ஈவு பூச்சியமாகச் சுருங்கிவிடும்.

கிளைஸ்லி வழியில் இதற்குமேல் நகர முடியாது. அங்கிருந்து நடுவுக்குப் போகும் ஃபங்டர் எப்போதும் முழுமையும் விசுவாசமும் உள்ளது; அதாவது, இரு பொருள்களுக்கு இடையிலான அம்புகளை ஒன்றுக்கொன்றாக, எதையும் விடாமல் கொண்டுபோகும். பிரிப்பு அங்கேயே நின்றுவிடும். மறுபக்கம், ஒப்பீட்டு ஃபங்டருக்கே இடது அட்ஜாயின்ட் இருக்கிறது: டார்ஷனை ஈவு எடுத்து விலக்குவது. அது தரும் புதிய மோனாடுக்கு ஐலன்பெர்க்–மூர் கேட்டகரி எடுத்தால் டார்ஷன் இல்லாத குலங்கள் அப்படியே வந்து நிற்கும். மறதி ஃபங்டர் இரண்டு படிகளாகப் பிரிந்துவிட்டது.

இந்தப் படிகள் எப்போதும் மேலே போகும் என்று நம்ப வேண்டாம். இடவியல் வெளிகளிலிருந்து (எது எதற்கு அருகில் என்ற அமைப்புள்ள கணங்கள்) கணங்களுக்கு வரும் ஜோடி, எதையும் மாற்றாத முற்றொருமை மோனாடைத்தான் தருகிறது. கிளைஸ்லியைக் கேட்டாலும் கணங்கள், ஐலன்பெர்க்–மூரைக் கேட்டாலும் கணங்கள். ஒப்பீட்டு ஃபங்டர் தொடங்கிய மறதி ஃபங்டரேதான். எத்தனை முறை திரும்பச் செய்தாலும் முதல் படியிலேயே நிற்போம்.