பெரியாஸ்பத்திரியும் அப்பாவின் கொப்பியும்

2009இல் அப்பாவுக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்தது. அன்றிலிருந்து கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறி, கொழும்புப் பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்குப் போய்வருகிறோம். 1995இல் தேசிய வைத்தியசாலை என்று பெயர் மாறியும் எங்கள் வீட்டில் அது இன்னும் பெரியாஸ்பத்திரிதான். 1864இல் தொடங்கிய இடம். இப்போது 3,000க்கு மேல் கட்டில்கள்.

கிளினிக் நாளில் அரை நாள் லீவு போட்டுவிடுவேன். காலையிலேயே போய் நம்பர் எடுத்து, பிளாஸ்கில் கொண்டுபோன பிளேன்டீயைக் குடித்துக்கொண்டு வாங்கில் இருப்போம். அப்பாவின் கிளினிக் கொப்பிக்கு பழைய கலண்டர் தாளில் உறை. உள்ளே ஒவ்வொரு தடவையும் எடுத்த சீனி அளவு, டொக்டரின் கிறுக்கல், அடுத்த திகதி. சீனிக்குப் போடும் மெட்போமின் குளிசை சிறிய கடதாசிப் பையில் வரும். எல்லாம் இலவசம்.

அப்பா இதைக் கேட்டால் விடமாட்டார். "1951இல இருந்து இலவசம். நடுவில, 71இல 25 சதம் வாங்கினவங்கள். 77இல அதையும் எடுத்திட்டாங்கள்" என்பார். அந்த 25 சதத்தை ஏதோ தன்னிடமிருந்து பறித்த மாதிரிச் சொல்லுவார்.

ஒருமுறை அவசரத்துக்கு ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் ரத்தம் கொடுத்தோம். காசும் போய், வேறு யாருடையதோ ரிப்போட் கையில் வந்தது. அதில் வயது 31 என்று போட்டிருந்தது. அப்பாவுக்கு அன்று பெரிய சந்தோஷம்.

கிளினிக் முடிந்தால் சுற்றிக்கொண்டு கின்சி ரோட் வழியாக நடப்பது அவருக்குப் பழக்கம். 1870இல் வந்த மருத்துவக் கல்லூரி, 1879இல் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா கொடுத்த பிள்ளைப்பேற்று ஆஸ்பத்திரி, லிப்டன் சுற்றுவட்டத்தில் 1906இல் திறந்த சிவப்பும் வெள்ளையுமான பழைய கண்ணாஸ்பத்திரிக் கட்டடம். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக முளைத்து, இந்தப் பகுதி ஆஸ்பத்திரிக்கென்றே ஆகிவிட்டது. டி சொய்சா வாசலில் மட்டும் நிற்பார். "நீ பிறந்தது இங்கதான், மழை நாள்" என்பார். இதுவரை எத்தனை தடவை சொன்னார் என்று எண்ணவில்லை.

புதிதாகப் போகிறவர்களுக்கு ஒன்று: கொப்பியை மறக்காதீர்கள். அப்பாவுக்கு இப்போது மூன்றாவது கொப்பி. முதல் இரண்டையும் வீச விடமாட்டார். டொக்டர் கேட்டால் காட்டவேண்டுமாம்.