பாங்க் கேட்கும் கேள்விகள்: ஒரு நீண்டநாள் கடனட்டைப் பாவனை அனுபவம்

2014 இலிருந்து ஒரே கடனட்டையைத்தான் பாவித்து வருகிறேன். கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியில் கிளை வைத்திருக்கும் ஒரு தனியார் வங்கியுடையது. பெயர் வேண்டாம். வேறு வங்கிகளின் கார்ட் வைத்திருக்கும் நண்பர்களும் ஏறக்குறைய இதே கதையைத்தான் சொல்கிறார்கள். கடையில் சாமான் வாங்க, போன் பில் கட்ட, எப்போதாவது ஒரு சென்னைப் பயணம், இடையிடையே வெளிநாட்டுத் தளங்களில் புத்தகம், மென்பொருள் என்று என் பாவனை சாதாரணமானது. இந்த அளவுக்குக் கார்ட் நல்ல கார்ட். ‘பாவிப்பது நீங்கள்தானா?’ என்று வங்கிக்குச் சந்தேகம் வரும்போதுதான் சோதனைக்காலம் தொடங்கும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கார்டைத் தட்டிவிட்டுக் கையை எடுக்கும் முன்பே போனில் மெசேஜ் வந்து விழுந்துவிடும். ஆப்பில் வெளிநாட்டுப் பாவனையையும் இணையப் பாவனையையும் தனித்தனியே நிறுத்தி வைக்கலாம். ஒருமுறை நடுச்சாமத்தில், நான் கேள்விப்பட்டேயிராத ஏதோ ஒரு கடையின் பெயரில் ஒரு டொலர் எடுக்கப் பார்த்திருக்கிறார்கள். திருட்டுக் கார்ட் இலக்கம் வைத்திருப்பவர்கள் இப்படிச் சில்லறைத் தொகையைப் போட்டுத்தான் கார்ட் வேலை செய்கிறதா என்று பார்ப்பார்களாம். அது போய்விட்டால் பின்னால் பெரிய தொகை வரும். அந்த ஒரு டொலரிலேயே வங்கியின் கணினி உஷாராகி கார்டை முடக்கிவிட்டது. காலையில் நான் எழும்பிப் பார்த்தபோது ஒரு சதமும் போயிருக்கவில்லை. ஆக, கணினியை நான் குறை சொல்லமாட்டேன். அது சந்தேகப்பட்ட பிறகு, நான்தான் நான் என்று நிரூபிக்கத் தொலைபேசியில் வைக்கும் பரீட்சை இருக்கிறதே, அதில்தான் வில்லங்கம்.

சென்னை தி. நகரில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். சித்தியின் மகளுக்குக் கல்யாணம், கூறைச் சேலை எடுக்கப் போயிருந்தோம். வெளிக்கிடும் முன்பே ஆப்பில் பயணத் திகதிகளையும் நாட்டையும் பதிந்துவிட்டேன். முதல் கடையில் கார்ட் ஒழுங்காக வேலை செய்தது. இரண்டாவது கடையில், கூறையை மடித்துப் பையில் போட்ட பிறகு, மெஷின் மறுத்துவிட்டது. பின்னால் வரிசை நீள்கிறது. சித்தி என் முகத்தைப் பார்க்கிறா. ரோமிங்கில் வங்கிக்குக் கோல் எடுத்தேன். மொழியைத் தெரிவுசெய்து, கார்ட் இலக்கத்தைத் தட்டி, பாட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு பெண் வந்தார். அடையாள அட்டை இலக்கம் கேட்டார், சொன்னேன். பிறந்த திகதி கேட்டார், சொன்னேன். அப்புறம், “அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தின பெயர்?”

அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் ஒரே பெயர்தான். முன்னால் இருந்த தகப்பன் பெயர் போய்ப் புருஷன் பெயர் வந்தது, அவ்வளவுதான். குடும்பப் பெயர் என்ற ஒன்று எங்களில் பெரும்பாலானோருக்குக் கிடையாது. 2014 இல் விண்ணப்பத்தை நிரப்பித் தந்த கிளை உத்தியோகத்தர் அந்தக் கட்டத்துக்குள் அம்மாவைப் போட்டாரா, அம்மப்பாவைப் போட்டாரா, யாருக்குத் தெரியும்? “யோகேஸ்வரி” என்றேன். ஸ்பெலிங் கேட்டார். சொல்லிக்கொண்டே போனேன். “கடைசி எழுத்து ‘ஐ’யா (I), ‘வை’யா (Y) சேர்?” அம்மாவின் பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் மற்றது. ‘வை’ என்றேன். “சொறி சேர், பொருந்தவில்லை.” அம்மப்பாவின் பெயரைச் சொன்னேன். அதுவும் பொருந்தவில்லை. எது பொருந்தும் என்று சொல்ல அவருக்கு அனுமதியில்லை. கிளைக்கு நேரில் வரட்டுமாம். நான் நிற்பது சென்னையில் என்றேன். அதற்கும் “சொறி சேர்”தான். கூறைக்குச் சித்தப்பா மடியில் இருந்த காசை எடுத்துக் கொடுத்தார். கல்யாண வீட்டில் இன்றைக்கும் அந்தக் கதை ஓடுகிறது.

வங்கி கேட்ட எதுவுமே இரகசியம் இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய கடுப்பு. எங்கள் பக்கத்தில் ஒருவர் கண்ணை மூடினால் பத்திரிகையில் மரண அறிவித்தல் வரும். காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும் என்று மூன்று தலைமுறையையும் ஊர் பெயரோடு போட்டுவிடுவார்கள். வங்கி இரகசியம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பெயர், படம் போட்டு அச்சில் வந்துவிடுகிறது.

அடையாள அட்டை இலக்கம் அதைவிட மோசம். பழைய இலக்கத்தில் முதல் இரண்டு எண்கள் பிறந்த வருடம், அடுத்த மூன்று எண்கள் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. ஜனவரி 1 இல் பிறந்த ஆணுக்கு 001, பெண்ணுக்கு ஐந்நூறைக் கூட்டி 501. 2016 இல் வந்த 12 இலக்க அட்டையில் வருடம் நான்கு எண்ணாக நீண்டது, முறை மாறவில்லை. ஆகவே இலக்கத்தைக் கேட்டுவிட்டுப் பிறந்த திகதியையும் கேட்பது, ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்பதுதான். அந்த இலக்கமாவது பத்திரமாக இருக்கிறதா என்றால், சிம் வாங்கின கடையில் அதன் போட்டோகொப்பி கிடக்கிறது. வெள்ளவத்தையில் எத்தனையோ தொடர்மாடிகளில் காவலாளியின் கொப்பியில் அதை எழுதிவிட்டுத்தான் லிஃப்டில் ஏற விடுவார்கள். திருடன் இதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு தடுமாறாமல் வாசிப்பான். ‘ஐ’யா ‘வை’யா என்று திணறுவது கார்டின் சொந்தக்காரன் மட்டும்தான்.

ஓடிபி விவகாரம் வேறு மாதிரி. 800 ரூபாய்க்குக் கொத்து ஓடர் பண்ணினால் ஓடிபி கேட்கிறது. அதே கார்டில் ஒரு வெளிநாட்டுத் தளத்தில் டொலரில் வாங்கினால் இலக்கத்தையும் பின்பக்கத்து மூன்று எண்ணையும் வைத்தே காசு போய்விடுகிறது. இது வங்கியின் கையில் மட்டும் இல்லை என்பது பிறகுதான் விளங்கியது. இணையத்தில் வாங்குவது கார்ட்காரர்தானா என்று வங்கி உறுதிசெய்யும் முறைக்கு 3டி செக்யூர் என்று பெயர், விற்கும் தளமும் அதைப் பாவித்தால்தான் ஓடிபி வரும். அந்த முறையின் புதிய வடிவத்தில், எந்தப் போனிலிருந்து, எவ்வளவு தொகை என்பதையெல்லாம் வங்கி தானே பார்த்து, சந்தேகமில்லாவிட்டால் கேட்காமலே விடலாம். என் வங்கிக்கோ பழகின கொத்துக்கடையிலும் சந்தேகம்தான். இதற்குள் 2022 மின்வெட்டுக் காலத்தை நினைத்துப் பாருங்கள். மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. போன் கோபுரத்து பற்றரி இறங்கினதும் சிக்னலும் போய்விடும். ஓடிபி வந்து சேரும்போது அதன் ஆயுள் முடிந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வாரத்துக்கொரு தரம் வங்கியிடமிருந்து மெசேஜ் வரும்: உங்கள் விபரங்களை யாருக்கும் கொடுக்காதீர்கள். சரி. அதே வங்கியிலிருந்து, யாருடையதென்றே தெரியாத ஒரு கைப்பேசி இலக்கத்திலிருந்து கோல் வரும்: “சேர், ஒரு கொடுக்கல் வாங்கல் பற்றிக் கதைக்கவேண்டும், முதலில் உங்கள் அடையாள அட்டை இலக்கத்தைச் சொல்லுங்கள்.” நீங்கள் வங்கிதான் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், எதிர்ப்பக்கம் கொஞ்சம் மௌனம். “நான் பாங்கிலிருந்துதான் சேர் கதைக்கிறேன்.” அவ்வளவுதான் அத்தாட்சி. கார்டின் பின்னால் இருக்கும் இலக்கத்துக்கு நானே எடுக்கிறேன் என்று வைத்துவிட்டு எடுத்தால், அப்படி ஒரு கோல் போனது அங்கே இருப்பவருக்குத் தெரியாது. உண்மையிலேயே வங்கியா, கள்ளனா என்று எனக்கு இன்றுவரை தெரியாத கோல்களும் உண்டு. தபால் திணைக்களத்தின் பெயரில் பொதி வந்திருக்கிறது என்று போலி மெசேஜ் அனுப்பிக் கார்ட் இலக்கம் பிடுங்கும் ஊரில், வங்கியே ஆட்களை இப்படிப் பழக்கினால் யாரை நோவது?

தமிழ் லைன் பற்றியும் ஒரு வார்த்தை. அம்மாவிடம் என் கணக்கில் ஒரு துணை அட்டை இருக்கிறது. தமிழுக்கு 2 ஐ அழுத்தினால் சிங்கள லைனைவிட அதிக நேரம் காத்திருக்கவேண்டும், சில நாட்களில் கடைசியில் வருகிறவருக்குத் தமிழ் தெரியாது. ஒருநாள் மட்டக்களப்புப் பேச்சோடு ஒரு பிள்ளை கிடைத்தது. “அம்மா, பயப்படாதீங்க, நான் பாக்கன்” என்று ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடித்துக் கொடுத்தது. அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்டு வைத்த அம்மா, இப்போதும் கோல் எடுத்தால் முதலில் அவவைத்தான் கேட்கிறா. கொடுக்கமாட்டார்கள்.

தி. நகர் விவகாரத்துக்குப் பிறகு வங்கிக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்தேன். முதலில் வங்கிக்கு எழுதவேண்டும், அங்கே சரிவராவிட்டால் மத்திய வங்கிக்குப் போகலாம். இப்படியான முறைப்பாடுகளுக்கென்றே அங்கே தனித் திணைக்களம் இருக்கிறது, 1935 க்கு அழைக்கலாம். என் முதல் கடிதத்துக்கு ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று பதில் வந்தது. இரண்டாவது கடிதத்தில் மத்திய வங்கி என்ற சொல்லைச் சேர்த்தேன். அடுத்த நாளே முகாமையாளர் தானாகக் கோல் எடுத்தார். அந்தக் கட்டத்தில் இருந்தது அம்மப்பாவின் பெயர்தானாம், ஆனால் ஓர் எழுத்துக் குறைவாக. திருத்த அம்மாவின் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். கொடுத்தோம்.

இப்போது சென்னைக்குப் போனால் வேறொரு வங்கியின் கார்டும் கொஞ்சம் இந்தியக் காசும் கையில் இருக்கும். இணையத்துக்குக் குறைந்த மீதியோடு ஒரு டெபிட் கார்ட் தனியாக வைத்திருக்கிறேன். தெரியாத இலக்கத்திலிருந்து வங்கி என்று யார் எடுத்தாலும் ஒரு விபரமும் சொல்வதில்லை, கோபித்தாலும் பரவாயில்லை. கார்டை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை, சம்பளக் கணக்கும் அங்கேதான். ஆனால் இந்த வருடக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். செய்யாவிட்டால் கார்டை வெட்டித்தான் போடவேண்டும்.