எக்ஸ்செஷன்-எரர்ஸ் கோப்பா, ஜர்னலா?

லினக்ஸில் திரை உறைந்தால் பிழைப்பதிவை எங்கே தேடுவது? லினக்ஸ் மின்ட் போல லைட்டிஎம் என்ற உள்நுழைவுத் திரை நிரல் வழியாக உள்நுழையும் கணினியில், ஹோம் கோப்புறையில் புள்ளியோடு தொடங்கும் எக்ஸ்செஷன்-எரர்ஸ் என்ற மறைகோப்பில். ஜிடிஎம் என்ற வேறொரு உள்நுழைவு நிரல் உள்ள உபுண்டு, ஃபெடோராவில் அந்தக் கோப்பு இல்லையே என்று பதற வேண்டாம். எல்லாம் கணினியின் பொதுப் பதிவேடான சிஸ்டம்டி ஜர்னலுக்குப் போகிறது.

அளவு:
கோப்பு: உச்சவரம்பே கிடையாது. ஒரே எச்சரிக்கையை ஓயாமல் கக்கும் ஒரு செயலி போதும், கிகாபைட் கணக்கில் வீங்கும். ஹோம் நிரம்பினால் கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்நுழைவுத் திரைக்கே திரும்பத் தள்ளும். சரி, அழித்துவிடலாமா? செயலி அதைத் திறந்து வைத்திருக்கும்வரை அழித்தாலும் இடம் திரும்பாது. ட்ரன்கேட் கட்டளையால் அளவைச் சுழியமாக்குங்கள். அப்புறம் கடைசி சில வரிகளைப் பார்த்து, கக்கும் செயலியைப் பிடியுங்கள்; இல்லாவிட்டால் மறுபடி வீங்கும்.
ஜர்னல்: இயல்பாக வட்டுப்பகுதியில் 10 சதவீதம், அதிகபட்சம் 4 கிகாபைட். பழையது தானாகவே கழியும்.

தேடல்:
கோப்பு: எந்த எடிட்டரிலும் திறக்கும். ஆனால் பல வரிகளில் நேரமே இருக்காது.
ஜர்னல்: அதைப் படிக்கும் கட்டளையான ஜர்னல்சிடிஎல் தெரிந்திருக்க வேண்டும். நேரம், செயலி வாரியாக வடிகட்டலாம்.

நிலைப்பு:
கோப்பு: அடுத்த உள்நுழைவில் 'ஓல்ட்' என்ற பெயருக்கு மாறும், அதற்கடுத்ததில் போய்விடும்.
ஜர்னல்: பதிவுகளுக்கான வார்-லாக் (/var/log) கோப்புறைக்குள் ஜர்னல் கோப்புறை இல்லாவிட்டால் மறுதொடக்கத்தோடு காலி.

இப்போது நடக்கும் பிழைக்குக் கோப்பே போதும். நேற்றைய முடக்கத்தை ஆராய ஜர்னல்தான், என் ஓட்டும் அதற்கே.