கைமாறிய கதையைச் சொல்லும் பக்கம்: ரைக்ஸ்மியூசியம் இணையதளம்

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம், தன்னிடமுள்ள ஓவியங்கள் யார் யாரிடம் இருந்து வந்தன என்ற விவரத்தை இணையத்தில் கட்டணமின்றித் தருகிறது. டச்சு ஓவியர் வெர்மீர் 1660 வாக்கில் வரைந்த 'பால் ஊற்றும் பெண்' ஓவியத்தின் வழியாக இச்சேவையைப் பார்த்தேன்.

1696 மே 16 அன்று, டெல்ஃப்ட் நகர அச்சகர் யாக்கோப் டிசியஸ் விட்டுச்சென்ற 21 வெர்மீர் ஓவியங்கள் ஆம்ஸ்டர்டாமில் ஏலத்துக்கு வந்தபோது, இது 175 கில்டருக்கு (அக்கால டச்சு நாணயம்) போனது. அன்று இதைவிட அதிக விலை பெற்றது, 200 கில்டருக்கு விற்ற டெல்ஃப்ட் நகரக் காட்சி ஒன்றுதான். 'பால் ஊற்றும் பெண்'ணை வாங்கிய ஐசக் ரோலேயு நொடித்துப்போக, 1701இல் அது 320 கில்டருக்குக் கைமாறியது. அதன்பின் பல கைகள். 1813இல் லுக்ரேசியா வான் விண்டர் என்ற பெண்மணி, தம் சொந்த ரசனையை நம்பி, 2,125 கில்டர் கொடுத்து வாங்கினார். 1822இல் அவர் ஹெண்ட்ரிக் சிக்ஸை மணந்ததால்தான் ஓவியம் சிக்ஸ் குடும்பத்துக்குச் சென்றது. ஆகவே 'சிக்ஸ் சேகரிப்பு' என்று மட்டும் சொல்வது லுக்ரேசியாவுக்கு நியாயம் செய்வதாகாது என்பது என் உறுதியான எண்ணம். 1908இல் டச்சு அரசும், அருங்காட்சியகங்கள் கலைப்படைப்புகள் வாங்க உதவும் ரெம்ப்ராண்ட் சங்கமும் சேர்ந்து, அக்குடும்பத்தாரிடமிருந்து வேறு 38 படைப்புகளோடு இதை அருங்காட்சியகத்துக்கு வாங்கின.

படத்தைப் பெரிதாக்கினால் வெள்ளைச் சுவரில் அடித்த ஆணியும் அதன் மெல்லிய நிழலும் தெரிகின்றன. ஏலப் பதிவுகளைப் பொறுமையாக வாசிக்கக்கூடியவர்களுக்கு இச்சேவையை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.