ஒரு பாக்கெட், ஒரு லிட்டர்

மெல்போர்னிலிருந்து மன்னார்குடி பக்கம் எங்கள் ஊருக்கு வந்த ஐந்தாம் நாள், மூன்று வயது மகனுக்கு வயிற்றுப்போக்கு. கூடவே வாந்தி. டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக்கு ஓடினோம். இரண்டே நிமிடம், ஓர் ஊசி, ஒரு ஆன்டிபயாடிக் பாட்டில், 600 ரூபாய் பில். என்ன குடிக்கக் கொடுப்பது என்று யாரும் சொல்லவில்லை. மெடிக்கலில் நானே ஓ.ஆர்.எஸ். பாக்கெட் (நீர்ச்சத்தை ஈடுகட்டும் உப்பு-சர்க்கரைப் பொடி) வாங்கி ஒரு டம்ளரில் கலக்கினேன். அவன் இரண்டு வாய் குடிப்பதற்குள், "தண்ணி குடுத்தா இன்னும் போகும்டி" என்று அம்மா டம்ளரைப் பிடுங்கிவிட்டார்.

மறுநாள் காலை ஆரம்ப சுகாதார நிலையம். வேறு வழியில்லாமல்தான் போனேன், மறைப்பானேன். ஓ.பி. சீட்டு போடும் முன்பே சிஸ்டர் பையனை மடியில் வாங்கிக்கொண்டார். வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டு அது எவ்வளவு வேகமாகப் படிகிறது என்று பார்த்தார். கண் குழிந்திருக்கிறதா, கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனான், மலத்தில் ரத்தம் உண்டா என்று வரிசையாகக் கேள்வி. "நீர்ச்சத்து குறைஞ்சிருக்கும்மா. தாகமா வாங்கிக் குடிக்கிறான் பாரு, டிரிப்ஸ் வேணாம்." டாக்டரும் பார்த்துவிட்டு அதையே சொன்னார்.

டம்ளர் கதையைச் சொன்னதும் சிஸ்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அந்தப் பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. டம்ளரில் கொட்டினால் உடம்பில் உப்பு ஏறிப் பிள்ளைக்கே ஆபத்தாம். அம்மா பிடுங்கியது நல்லதாகப் போயிற்று. அம்மாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

பையன் 13 கிலோ. கிலோவுக்கு 75 மில்லி வீதம் நாலு மணி நேரத்தில் கிட்டத்தட்ட ஒரு லிட்டர், அதாவது முழுப் பாக்கெட். பெஞ்சில் உட்கார்ந்து ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினேன். நடுவில் ஒருமுறை வாந்தி எடுத்தான். பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடுக்கச் சொன்னார். மதியம் அவனாகவே இட்லி கேட்டான். மின்விசிறி ஓடவில்லை, கழிப்பறைக் குழாயில் தண்ணீரும் இல்லை. ஆனால் செலவு ஒரு பைசா கிடையாது.

கிளம்பும்போது ஜிங்க் மாத்திரை தந்தார்: தினம் 20 மில்லிகிராம், போக்கு நின்றாலும் 14 நாள். கஞ்சி, தயிர்சோறு எதையும் நிறுத்தக் கூடாது. துவண்டு போனாலோ, குடிக்க முடியாமல் போனாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ உடனே 108 ஆம்புலன்ஸ்.

கடைசி மூன்று மாத்திரைகளை மெல்போர்ன் வந்துதான் கொடுத்தேன்.