பேல் பஜார் ஜெக்கெட்டோடு துருவ வட்டம் தாண்டி

நோர்வே போகிறேன் என்று சொன்னதும் வந்த புத்திமதிகளில் பாதி, "உடுப்பெல்லாம் அங்கேயே போய் வாங்கு" என்பது. மீதிப் பாதி, "மிஸ்ஸுக்கு என்ன பைத்தியமா, இங்கே இருக்கிற குளிர் போதாதா" என்பது. இரண்டையும் கேட்கவில்லை. நுவரெலியா பேல் பஜாரில் வாங்கின உடுப்போடு மார்ச் கடைசியில் ட்ரோம்சோவில் இறங்கி, கரையோரக் கப்பலில் பேர்கன் வரை வந்து, மலைகளுக்கிடையில் கடல் புகுந்து கிடக்கும் ஃபியோர்டுகளையும் பார்த்துவிட்டுத் தம்பியும் நானும் ஊர் திரும்பினோம். பத்து விரலும் பத்திரம். ஆகவே இது நோர்வேயைப் பற்றிய எழுத்து இல்லை, அந்த ஜெக்கெட் கடைகளைப் பற்றிய விமர்சனம். குளிர் நாட்டுக்குக் கிளம்புகிற நம்மாட்களுக்கு உதவும்.

பேல் பஜார் தெரியாதவர்களுக்கு: நுவரெலியா டவுனில் தகரமும் படங்கும் போட்டு நெருக்கியடித்து நிற்கும் உடுப்புக் கடைகள். கொழும்பிலிருந்து அரைக்கைச் சட்டையோடு வந்து இறங்கி, பல்லு கிட்டிப் போனவர்கள் ஓடிவந்து ஸ்வெட்டர் வாங்கும் இடம் என்றுதான் நாமும் நினைத்திருக்கிறோம். ஆனால் அங்கே தொங்குவதில் நிறைய, நம் நாட்டு கார்மென்ட் ஃபெக்டரிகளில் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காகத் தைத்ததில் மிஞ்சினவையும் கழித்துப் போட்டவையும். கழுத்தில் லேபிள் பாதி வெட்டியிருக்கும், ஒரு தையல் கோணியிருக்கும், அவ்வளவுதான் குறை. ஐரோப்பாக்காரன் பனியில் போடுவதற்கென்று தைத்த சாமானை ஏப்ரல் சீசனுக்கு வந்தவர்கள் கிரகரி வாவிக் கரையில் ஃபோட்டோ எடுக்கப் போட்டுக்கொள்கிறார்கள்!

வாங்கப் போகுமுன் குளிரைப் பற்றிக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருந்தது. ட்ரோம்சோ துருவ வட்டத்துக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது, ஆனாலும் அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெந்நீரோட்டத்தின் புண்ணியத்தில் அங்கே கடல் உறைவதில்லை. மார்ச் கடைசியில் பூச்சியத்தைச் சுற்றி ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், சில இரவுகளில் அதற்கும் கீழே நன்றாக இறங்கும். நம் நுவரெலியாவிலேயே ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் உறைபனி விழுந்து உருளைக்கிழங்குச் செடி கருகுவதைப் பார்த்தவர்கள்தானே நாம். அங்கே ஆளை அடிப்பது காற்றும் ஈரமும். காலையில் பனி, பகலில் பனியும் மழையும் கலந்த ஒரு சனியன், தெற்கே பேர்கன் வந்தால் நம்ம வட்டவளை மாதிரி விடாத மழை. பேராதனையில் என்னோடு படித்து இப்போது ட்ரோம்சோவில் குடும்பமாக இருப்பவள் வாட்ஸ்அப்பில் ஒரே வரியில் சொன்னாள்: "பெரிய கோட்டு ஒண்ணு வாங்காதடி, மூணு மெல்லிசு வாங்கு." உடம்போடு ஒட்டி ஒன்று, நடுவில் சூடு பிடித்து வைக்க ஒன்று, வெளியே காற்றையும் தண்ணீரையும் மறிக்க ஒன்று.

வெளி ஜெக்கெட்டில்தான் பேல் பஜார் ஜெயித்தது. ஆனால் பார்த்து எடுக்க வேண்டும். மழை தாங்கும் ஜெக்கெட் என்று பத்து தொங்கும், அதில் ஏழு சும்மா வழுவழுத்த துணி. உள்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். தையல் ஓடும் இடமெல்லாம் விரலகலத்துக்குப் பளபளவென்று ஒரு டேப் ஒட்டியிருந்தால்தான் அது மழைக்குத் தைத்தது, டேப் இல்லாவிட்டால் ஊசித் துளை ஒவ்வொன்றும் ஒரு வாசல். அந்த டேப் ஓரத்தில் உரிந்திருக்கிறதா என்று நகத்தால் நெருடிப் பார்க்க வேண்டும், கழித்துப் போட்ட ஜெக்கெட்டுகளில் குறை அங்கேதான் ஒளிந்திருக்கும். நான் கையில் இருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து தோள்பட்டைத் தையலில் கொஞ்சம் ஊற்றி, அடியில் டிஷ்யூ வைத்துக்கொண்டு நின்றேன். கடை நானா பார்த்துக்கொண்டே இருந்தவர், "என்ன மிஸ், ஜெக்கெட் வாங்க வந்தீங்களா, கழுவ வந்தீங்களா?" என்றார். நாலாவது ஜெக்கெட்டில் டிஷ்யூ காய்ந்தே இருந்தது. 9,000 சொன்னார், 6,500 ரூபாவுக்கு முடிந்தது. ட்ரோம்சோக் கடை ஒன்றில் அதே மாதிரி ஒன்றின் விலையைப் பார்த்துவிட்டு ரூபாவில் பெருக்கிப் பார்த்த தம்பி, கடை ஹீட்டருக்குப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான்.

அளவில் ஒரு விஷயம். இவை அந்த நாட்டு உடம்புக்குத் தைத்தவை, அவர்களுடைய எம் நமக்கு எல். உள்ளே இரண்டு அடுக்கு போக வேண்டுமென்பதால் கடைக்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போய், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிப் பார்த்து எடுங்கள், இடுப்பு வெளியே தெரிந்தால் வேண்டாம்.

நடு அடுக்குக்கு ஃபிளீஸ் (மெத்தென்ற செயற்கைத் துணியில் தைத்தது) வாங்கினோம், ஆளுக்கு ஒன்று. அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை, நன்றாகவே இருந்தது. இறகு அடைத்த மெல்லிய ஜெக்கெட்டும் கிடைக்கிறது, சுருட்டினால் ஒரு றாத்தல் பாண் அளவுக்குள் அடங்கிவிடும், ஆனால் இறகு நனைந்தால் உருண்டைகட்டிச் சூட்டைக் கைவிட்டுவிடும் என்பதால் பேர்கன் மழையை நினைத்து நான் எடுக்கவில்லை. தம்பி எடுத்தான். காய்ந்த குளிருக்கு அவன் ஜெயித்தான், மழைக்கு நான்.

உள் அடுக்கில் நான் ஏமாந்தேன். 'தேர்மல்' என்று சொல்லி விற்பதில் பாதிக்கு மேல் பருத்தி கலந்தது, லேபிளைப் படிக்காமல் வாங்கினது என் பிழை. பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு காயாமல் முதுகில் ஒட்டிக் கிடக்கும். ட்ரோம்சோவில் ஒரு மேட்டில் ஏறி நின்ற பத்தாவது நிமிடத்தில் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. கம்பளி என்றால் ஈரமானாலும் சூட்டைக் கைவிடாது. இதற்கு நோர்வேக்காரன் வந்து எனக்குப் பாடம் எடுக்கத் தேவையே இல்லை. என் அம்மாயி தோட்டத்தில் கொடுத்த கறுப்புக் கம்பளியைக் கொங்காணி போட்டுக்கொண்டு ஆடி மாத மழையில் கொழுந்து எடுத்தவள். நனைந்து கனத்துப்போன அந்தக் கம்பளியை ஏன் கழற்றாமல் இருந்தாள் என்று சின்ன வயதில் எனக்கு விளங்கவில்லை. கடைசியில் தோழியின் மெரினோக் கம்பளி பனியன் ஒன்றைக் கடன் வாங்கித்தான் மீதிப் பயணம். நீங்கள் உள்ளுக்குப் போடுவதற்கு மட்டும் காசு செலவழித்து நல்ல கம்பளி வாங்கிக்கொள்ளுங்கள், பேல் பஜாரில் எனக்கு அது அகப்படவில்லை.

கையுறை சுமார். காற்று அப்படியே உள்ளே வந்தது, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சோடி போட்டுச் சமாளித்தேன்.

சப்பாத்துக் கதை தனி. இது பேல் பஜாரில் வாங்கினதில்லை, வேறொரு ஊரில் ஒரு கடையில் 'ஸ்னோ பூட்ஸ்' என்று சொல்லித் தந்தார்கள், கடையின் பெயர் வேண்டாம். ட்ரோம்சோவில் பகலில் உருகின பனி இரவில் கண்ணாடியாக உறைந்துவிடும். அந்தக் குளிரில் சப்பாத்தின் அடி இறுகி பிளாஸ்டிக் தட்டு மாதிரி ஆகி, இரண்டாம் நாள் பாலத்துக்குப் பக்கத்தில் நடுரோட்டில் நான் மல்லாக்க விழுந்தேன். மூன்றாம் நாள் இடது சப்பாத்தின் அடி முன்பக்கம் வாயைத் திறந்தது. அங்குள்ள கிழவிகள் சப்பாத்துக்கு அடியில் சின்ன இரும்புப் பல் வைத்த ரப்பர் வார் ஒன்றை மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போகிற மாதிரி விறுவிறுவென்று போகிறார்கள். அதை அங்கேயே வாங்கிக்கொண்டேன், பயணத்திலேயே உருப்படியான செலவு அதுதான். சப்பாத்துக்கும் அந்தப் பல்லுக்கும் காசை ஒதுக்கி வையுங்கள், இதில் மலிவு பார்க்கக் கூடாது.

வாங்கவே தேவையில்லாததையும் சொல்லிவிடுகிறேன். நாய் வண்டி, ஸ்னோமொபைல், இரவில் வடதுருவ ஒளி பார்க்கப் போவது போன்றவற்றை நடத்துகிறவர்களில் பலர் உடம்பு முழுக்க மூடுகிற சூட்டும் பூட்ஸும் அவர்களே தருகிறார்கள். பதிவு செய்யும்போது கேட்டுக்கொண்டால் போதும். எனக்கு விலை சொன்ன ஒரு ட்ராவல்ஸ்காரர் இதே சூட்டுக்கு நாள் வாடகை தனியாகப் போட்டிருந்தார், அதோடு அவரை விட்டுவிட்டு நானே உட்கார்ந்து திட்டம் போட்டேன். விசாவுக்கு அலைந்தது பெரிய கதை. கொழும்பில் இருந்த நோர்வே தூதரகம் 2023இல் மூடப்பட்டுவிட்டது, பயணக் காப்புறுதி 30,000 யூரோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், இதற்கெல்லாம் நேரம் விட்டுத் தொடங்குங்கள்.

ட்ரோம்சோவில் நேபாள ஷெர்பாக்கள் கட்டின ஆயிரத்து இருநூறு கல்படி ஒன்று மலைக்கு ஏறுகிறது. சிவனொளிபாதமலை ஏறின காலுக்கு அது ஒரு பொருட்டா என்று ஆசைப்பட்டேன், பனி மூடிக் கிடந்ததால் கேபிள் காரில்தான் போனோம். மேலே 421 மீட்டர்தான், நம்ம கணக்கில் மலையே இல்லை, ஆனால் காற்று ஆளைத் தள்ளியது. 6,500 ரூபா ஜெக்கெட் அசையவில்லை.

அதற்கு உண்மையான பரீட்சை நாரோய் ஃபியோர்டில். பனியாறு குடைந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்து கிடப்பதுதான் ஃபியோர்ட் என்று பாடப்புத்தகத்தில் பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறேன், ஆனால் அந்த இடத்தில் மிகக் குறுகலான பகுதி 250 மீட்டர் அகலம்தான், இரண்டு பக்கமும் ஆயிரம் மீட்டருக்கு மேல் பாறை நிற்கிறது என்பது கழுத்தை நிமிர்த்திப் பார்க்கும்போதுதான் உறைத்தது. ஃப்ளோமிலிருந்து குட்வாங்கன் வரை படகில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். மழை பக்கவாட்டில் அடித்தது, எல்லாரும் உள்ளே போய்க் கோப்பி குடித்தார்கள், நான் மேல்தட்டிலேயே நின்றேன். இறங்கியதும் கழற்றி உள்பக்கம் தடவினேன். சிப் ஓரத்தில் மட்டும் ஒரு ஈரக் கோடு, தோளும் முதுகும் காய்ந்தே இருந்தன.

(ஃப்ளோமிலிருந்து மலையேறும் ரயிலைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: 20 கிலோமீட்டரில் 866 மீட்டர் ஏறுகிறது, அழகுதான். ஆனால் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு வடை சாப்பிட முடியாது. நான் பதுளை ரயில் கட்சி.)

பேல் பஜாருக்கு ஏப்ரலில் போகாதீர்கள், சீசன் விலை சொல்வார்கள், கூட்டத்தில் எதையும் புரட்டிப் பார்க்கவும் விடமாட்டார்கள். வார நாளில் காலை பத்து மணிபோலப் போங்கள். வாங்கினதைத் திருப்பிக் கொடுத்துக் காசு கேட்க முடியாது, சிப் பழுதென்றால் மட்டும் மாற்றித் தருவார்கள், அதனால் எல்லாச் சிப்பையும் கடையிலேயே பத்துத் தடவை இழுத்துப் பாருங்கள். ஜெக்கெட்டுக்கு ஐந்துக்கு ஐந்து, ஃபிளீஸுக்கு நாலு, கையுறைக்கு இரண்டு, தேர்மலுக்கு ஒன்று. தண்ணீர்ப் போத்தல் நீங்களே கொண்டுபோங்கள்.