திசு மறுபரிசோதனைச் சேவை: ஒரு நோயாளியின் குடும்பத்தார் பார்வையில்

என் அக்காவின் மார்பகக் கட்டியிலிருந்து எடுத்த திசுவை மீண்டும் ஒருமுறை படித்துக் கருத்துச் சொல்லும்படி நாங்கள் அணுகிய நோய்க்குறியியல் ஆய்வகம் ஒன்றின் சேவையைப் பற்றிய மதிப்பீடு இது. குறைகளையும் சேர்த்தே சொல்லப்போவதால் ஆய்வகத்தின் பெயரையும் முதலில் பரிசோதனை நடந்த இடத்தின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். மருத்துவத் தரத்தில் இந்தச் சேவைக்கு முழு மதிப்பெண் தருவேன். நோயாளிக்கும் குடும்பத்துக்கும் தகவல் சொல்லும் விதத்தில் பாதிகூடத் தர மனம் வரவில்லை. இரண்டையும் ஒரே எண்ணுக்குள் அடக்கினால் படிப்பவருக்கு எதுவும் விளங்காது என்பதால் நட்சத்திரக் கணக்கு எதுவும் போடவில்லை.

முதல் அறிக்கை சுருக்கமானது. ஊடுருவும் வகைப் புற்றுநோய், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (அந்த ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதம்) உண்டு, செல் வளர்ச்சியைத் தூண்டும் ஹெர்-2 புரதம் மூன்று பிளஸ் (மிகுதி) என்று சில வரிகளில் முடிந்திருந்தது. எத்தனை சதவீத செல்கள் சாயம் ஏற்றன, எவ்வளவு அழுத்தமாக ஏற்றன என்ற விவரம் அதில் இல்லை. சிகிச்சையைத் திட்டமிட்ட புற்றுநோய் மருத்துவர் அதை வாசித்துவிட்டு, ஊசிப் பயாப்ஸியில் எடுத்த திசு முழுவதையும் வேறொரு நோய்க்குறியியல் மருத்துவர் பார்க்க வேண்டும் என்றார். ஸ்கேன் படத்தில் தெரிந்த கட்டியின் இயல்புக்கும் இந்த முடிவுக்கும் ஏதோ ஒன்று ஒத்துவரவில்லை என்பது அவருடைய கணிப்பு. மறுபரிசோதனைக்கு ஸ்லைடுகள் மட்டும் போதாது, திசு பதிந்திருக்கும் மெழுகு பிளாக்கும் வேண்டும். புதிதாகச் சீவிச் சாயமேற்ற அதிலிருந்துதான் முடியும். அந்த பிளாக்கைத் தருவதற்கு முதல் இடத்தில் மிகவும் தயங்கினார்கள். எழுத்து மூலமான கோரிக்கையும், பிளாக் எண்களைக் குறிப்பிட்டுக் கையெழுத்திட்ட ரசீதும் இருந்தால் தருவதற்கு வழி உண்டு என்பதை எங்களுக்குச் சொல்லித் தந்ததே இந்த இரண்டாவது ஆய்வகத்தின் வரவேற்பு மேசையில் இருந்த தொழில்நுட்பர்தான். கோரிக்கைக் கடிதத்தின் மாதிரியையும் அவரே அச்செடுத்துக் கொடுத்தார்.

திசுவைப் பெற்றுக்கொள்ளும் கட்டத்திலேயே இந்த இடத்தின் தரம் தெரிந்துவிடுகிறது. பெயர், வயது, உறுப்பு என்று மூன்று கட்டங்களோடு நின்றுவிடும் படிவம் அல்ல இவர்களுடையது. திசு உடலிலிருந்து எடுக்கப்பட்ட நேரம், திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் கரைசலில் போடப்பட்ட நேரம், ஸ்கேனில் கண்டவை, இதற்கு முன் எடுத்துக்கொண்ட சிகிச்சை, மருத்துவருக்கு எழுந்துள்ள குறிப்பான சந்தேகம் ஆகிய எல்லாவற்றையும் கேட்கிறார்கள். நேரத்தை ஏன் இவ்வளவு துருவித் துருவிக் கேட்கிறார்கள் என்பதற்குக் காரணம் உண்டு. வெட்டி எடுத்த திசு ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் மூழ்கியாக வேண்டும். மார்பகத் திசுவாக இருந்தால் அதில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரையறை. இதில் தவறினால் ஹார்மோன் ஏற்பியும் ஹெர்-2 புரதமும் உண்மையில் இருந்தும் சாயத்தில் தெரியாமல் போகலாம். எங்கள் படிவத்தில் அந்த நேரக் கட்டம் காலியாக இருந்ததைப் பார்த்து, முதல் பரிசோதனை நடந்த இடத்துக்கு அவர்களே தொலைபேசியில் பேசிக் கேட்டு நிரப்பிக்கொண்டார்கள்.

படிவத்தோடு தரும் வழிகாட்டித் தாளும் கவனமாக எழுதப்பட்டது. கழுத்திலோ அக்குளிலோ உள்ள நெறிக்கட்டியை எடுக்கும்போது காசநோய்ச் சந்தேகம் இருந்தால், ஒரு துண்டை ஃபார்மலினில் போடாமல் உப்பு நீரில் தனியே அனுப்பும்படி அதில் தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். ஃபார்மலின் கிருமிகளைக் கொன்றுவிடுவதால் அதில் நனைந்த திசுவைக் கொண்டு கிருமி வளர்ப்புச் சோதனை செய்ய இயலாது. நிணநீர்ப் புற்றுநோயும் காசநோயும் ஒரே மாதிரி வீக்கம், காய்ச்சல், எடை இழப்போடு வரக்கூடியவை. சிகிச்சையோ முற்றிலும் வேறு. அந்த ஒற்றை வரியைப் படிக்காமல் முழுக் கட்டியையும் ஃபார்மலினில் போட்டு அனுப்பிவிட்டால், நுண்ணோக்கியின் அடியில் எவ்வளவு திறமையானவர் அமர்ந்திருந்தாலும் கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதை வளர்ப்புச் சோதனை வழியே அறியும் வாய்ப்பு போய்விடும். சிறுநீரகப் பயாப்ஸிக்கும் இதே போலத் தனிக் குறிப்பு உண்டு: ஒளிர்சாயச் சோதனைக்கான துண்டு வேறு கரைசலில் வர வேண்டும் என்கிறார்கள்.

இனி, முக்கியமான பகுதி. பிளாக்கிலிருந்து ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பங்கு கனத்தில் புதிதாகச் சீவி, ஹெமடாக்சிலின், இயோசின் சாயங்களிலும் ஹெர்-2 எதிர்ப்பொருள் சாயத்திலும் மீண்டும் தயாரித்தார்கள். முடிவு மாறியது. மூன்று பிளஸ் அல்ல, இரண்டு பிளஸ் என்றார்கள். இந்தச் சோதனையில் மூன்று பிளஸ் என்றால், பத்து சதவீதத்துக்கு மேற்பட்ட புற்றுசெல்களின் சவ்வு முழுச் சுற்றும் அழுத்தமான பழுப்பு நிறத்தில் தெரிய வேண்டும். சுற்று முழுமையாக இருந்தும் நிறம் மங்கலாகவோ நடுத்தரமாகவோ இருந்தால் அது இரண்டு பிளஸ், அதாவது உறுதி செய்ய முடியாத நிலை. அப்படி வந்தால் நோய்க்குறியியல் மருத்துவர் ஊகத்தில் ஒரு பக்கம் சாயக்கூடாது; ஹெர்-2 மரபணுவின் பிரதிகளை எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

முரண்பட்ட இரண்டு அறிக்கைகளைக் கையில் வைத்துக்கொண்டு எதை நம்புவது என்று கேட்டபோது, அறிக்கையில் கையெழுத்திட்ட மருத்துவரையே சந்திக்க அனுமதி கிடைத்தது. பெரும்பாலான ஆய்வகங்களில் இதற்கு வாய்ப்பே இல்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கும் நுண்ணோக்கியின் முன் அக்காவை உட்காரவைத்து, முதல் இடத்தில் தயாரித்த ஸ்லைடைக் காட்டினார். நூலிழை போன்ற திசுத் துண்டின் இரு ஓரங்களிலும் அடர்பழுப்பு. நடுப்பகுதிக்கு நகர்ந்ததும் அதே செல்கள் வெளிறிய கோடுகளாகத் தெரிந்தன. ஊசியால் எடுத்த திசுவின் விளிம்பில் சாயம் தேங்கி அழுத்தமாகத் தெரிவது வழக்கம் என்றும், விளிம்பை ஒதுக்கிவிட்டு உட்பகுதியை வைத்தே மதிப்பிட வேண்டும் என்றும் விளக்கினார். பிறகு தகட்டைச் சிறிது நகர்த்தி, புற்றுநோய் பாதிக்காத இயல்பான பால் நாளம் ஒன்றைக் காட்டினார். அதன் செல்களிலும் ஓரளவு பழுப்பு ஏறியிருந்தது. இயல்பான செல்லே இப்படிச் சாயம் ஏற்றிருந்தால் அந்தத் தகட்டின் சாயமேற்றமே தேவைக்கு மேல் அழுத்தமாகிவிட்டது என்று பொருள். அவர்கள் புதிதாகத் தயாரித்த ஸ்லைடில் அதே நாளம் நிறமற்று இருந்தது. “முந்தைய மருத்துவர் கவனக்குறைவாகப் பார்த்தார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருக்குக் கிடைத்த தகடு இது, எனக்குக் கிடைத்தது வேறு தகடு,” என்று அவர் சொன்ன நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

ஃபிஷ் சோதனையில் மரபணுப் பெருக்கம் இல்லை என்று வந்தது. ஹெர்-2 மரபணுவின் எண்ணிக்கைக்கும் 17-ஆம் குரோமோசோம் எண்ணிக்கைக்கும் உள்ள விகிதம் இரண்டுக்குக் குறைவு, ஒரு செல்லுக்கான சராசரிப் பிரதிகள் நான்குக்குக் குறைவு என இரண்டையும் எண்களாகவே எழுதியிருந்தார்கள். இதன் விளைவு சிகிச்சையில் நேரடியாகத் தெரிந்தது. 1998-இல் பயன்பாட்டுக்கு வந்த டிராஸ்டுசுமாப், ஹெர்-2 மிகுந்த மார்பகப் புற்றுநோயின் போக்கையே மாற்றிய மருந்து. ஆனால் அந்தப் புரதம் மிகையாக இல்லாதவருக்கு அதை ஓராண்டு செலுத்தினால் பயன் கிடைக்காது, இதயத்தின் செயல்திறன் குறையும் அபாயம் மட்டும் மிஞ்சும். அக்காவுக்கு அந்த மருந்து திட்டத்திலிருந்து நீக்கப்பட்டு, முதலில் அறுவை சிகிச்சை, பிறகு ஹார்மோன் மாத்திரை என்று வரிசை மாறியது. மருந்தை எழுதியவர் புற்றுநோய் மருத்துவர்தான் என்றாலும், எந்த மருந்து என்பதைத் தீர்மானித்த இடம் நுண்ணோக்கி மேசை. நோயாளிகள் ஒருபோதும் முகம் பார்க்காத ஒருவரிடம் இவ்வளவு பெரிய முடிவு இருப்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

அறுவை சிகிச்சையில் அகற்றிய திசுவையும் இங்கேயே அனுப்பினோம். அறுவை மருத்துவர் மேற்புறத்துக்கும் பக்கவாட்டுக்கும் வெவ்வேறு நீளத்தில் நூல் முடிச்சு இட்டு அனுப்பியிருந்தார்; அதை வைத்து இவர்கள் ஒவ்வொரு பக்கத்துக்கும் வேறு வேறு நிற மை பூசி, பிறகே வெட்டியிருக்கிறார்கள். நுண்ணோக்கியில் புற்றுசெல் மையைத் தொடாமல் இருந்தால் ஊடுருவும் புற்றுநோய்க்கு விளிம்பு தூய்மையானது என்று கொள்ளலாம். தொட்டிருந்தால், எந்த நிறம் என்பதிலிருந்து எந்தப் பக்கத்தில் மீண்டும் வெட்ட வேண்டும் என்று தெரிந்துவிடும். அறிக்கையில் விளிம்புகள் ஆறும் தனித்தனியாக மில்லிமீட்டர் அளவுடன் இருந்தன. புற்றின் தரநிலையை வெறுமனே இரண்டு என்று எழுதாமல், குழாய் வடிவம் எவ்வளவு எஞ்சியிருக்கிறது, செல் உட்கரு எவ்வளவு மாறியிருக்கிறது, செல் பிரிவுகள் எத்தனை என்ற மூன்றுக்கும் கொடுத்த மதிப்பெண்களைப் பிரித்துக் காட்டியிருந்தார்கள். கூட்டுத்தொகை ஆறும் ஏழும் இரண்டாம் தரம், எட்டும் ஒன்பதும் மூன்றாம் தரம் என்பதால், எல்லைக்கு எவ்வளவு அருகில் நிற்கிறோம் என்பது படிக்கும் மருத்துவருக்குத் தெரிய வேண்டும். அக்குள் நிணநீர் முடிச்சுகளையும் நெருக்கமாகச் சீவிப் பார்த்திருந்தார்கள், 0.2 மில்லிமீட்டருக்கு மேல் 2 மில்லிமீட்டர் வரை உள்ள மிகச் சிறிய பரவலையும் அதற்குப் பெரியதையும் வேறுபடுத்திச் சொல்வது சிகிச்சைக்குத் தேவை. எங்கள் விஷயத்தில் இரண்டும் இல்லை.

குறைகளுக்கு வருகிறேன். தாமதத்தை நான் குறையாகச் சொல்லவில்லை. திசு ஊற வேண்டும், மெழுகில் பதிய வேண்டும், முதல் சாயத்தைப் பார்த்த பிறகே அடுத்தது எது என்று முடிவெடுக்க முடியும். இதை அவசரப்படுத்துவது நமக்கே கேடு. ஆனால் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, கூடுதல் சோதனை ஏன் தேவைப்படுகிறது என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்புவதில் என்ன சிரமம்? தொலைபேசியில் கேட்டால் “ரிப்போர்ட் இன்னும் வரவில்லை” என்ற ஒரே பதிலைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள். அந்த மௌனத்தில் வீட்டில் இருப்பவர்கள் கற்பனை செய்துகொள்வது எப்போதும் உண்மையைவிட மோசமாகவே இருக்கும். ஒவ்வொரு கூடுதல் சாயத்துக்கும் தனிக் கட்டணம் என்பதையும் முன்கூட்டியே சொல்லவில்லை. கட்டணம் நியாயமானதே, சொல்லாததுதான் தவறு. இன்னொன்று, மருத்துவர் பார்ப்பதற்கு முன்பே அறிக்கை நோயாளியின் கணக்கில் இணையத்தில் ஏறிவிடுகிறது. உறவினர் ஒருவர் அதைத் திறந்து படித்துவிட்டு, ‘இரண்டாம் தரம்’ என்பதை நோயின் இரண்டாம் நிலை என்று எடுத்துக்கொண்டு வீட்டையே கலங்கவைத்தார். தரம் என்பது செல்லின் தோற்றத்தைப் பற்றியது, நிலை என்பது நோய் பரவிய அளவைப் பற்றியது என்று அறிக்கையின் அடியில் இரண்டு வரி எழுதினால் போதும்.

ஸ்லைடுகளை முழுமையாக ஸ்கேன் செய்து கணினியில் வைக்கும் வசதி இங்கு இருக்கிறது. சிக்கலான தகடுகளை அதன் வழியே இரண்டாவது மருத்துவரும் தனியாகப் படித்துவிட்டே கையெழுத்திடுகிறார்கள். எங்கள் அறிக்கையிலும் இரண்டு கையெழுத்துகள் இருந்தன. விளம்பரத்தில் இந்தக் கருவியைத்தான் பெரிதாகக் காட்டுகிறார்கள். என்னைக் கேட்டால், கட்டம் காலியாக இருந்த படிவத்துக்காகத் தொலைபேசியை எடுத்த அந்த ஊழியரை முன்னிறுத்தியிருக்க வேண்டும்.

பித்தப்பை, குடல்வால் போன்றவற்றை அகற்றிய பின் வழக்கமாக அனுப்பும் திசுவுக்கு இவ்வளவு தொலைவு தேடிவரத் தேவையில்லை. அருகில் உள்ள நல்ல ஆய்வகமே போதும். மென்திசுக் கட்டிகள், நிணநீர்ப் புற்றுநோய், மூளைக் கட்டி, எலும்புக் கட்டி போன்ற சிக்கலான வகைகளிலும், ஒரே ஒரு சோதனை முடிவின் மேல் முழு சிகிச்சையும் நிற்கும் போதும் இந்த மறுபரிசோதனையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

கடைசியாக, இன்னும் தீராத ஒன்று. கையெழுத்திட்ட அறிக்கையில் ஹெர்-2 பற்றி “இரண்டு பிளஸ், மரபணுப் பெருக்கம் இல்லை” என்று முழுமையாக இருக்கிறது. இணையக் கணக்கின் சுருக்கப் பக்கத்திலோ ‘நெகட்டிவ்’ என்ற ஒற்றைச் சொல்தான் தெரிகிறது. முன்பு இந்த வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதாக இருக்கவில்லை. 2022 முதல், நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவிய நிலையில், ஒரு பிளஸ் அல்லது பெருக்கமில்லாத இரண்டு பிளஸ் உள்ளவர்களுக்கும் டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெக்கான் என்ற மருந்து தரப்படுகிறது. எனவே அந்த எண் அழியாமல் எல்லா இடத்திலும் இருக்க வேண்டும். இதை எழுதி அனுப்பினேன். அறிக்கையில் கையெழுத்திட்ட மருத்துவர் அன்றே ஒப்புக்கொண்டு பதில் எழுதினார். மென்பொருளைப் பராமரிக்கும் பிரிவு இன்னும் அந்தப் பக்கத்தைத் திருத்தவில்லை. அதுவரை இந்த ஆய்வகத்தைப் பயன்படுத்துவோர் சுருக்கப் பக்கத்தை நம்பாமல், கையெழுத்திட்ட முழு அறிக்கையின் பிரதியைத் தங்கள் மருத்துவரிடம் கொடுக்கவும்.